அடைக்கலம் கொடுத்தவர்களே குழந்தையையும் தூக்கிக் கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

தத்தெடுப்பில் மத அமைப்புகளின் பங்கு பற்றிச் சென்ற இதழில் இரண்டே வரியில் ஒரு பதில் எழுதியிருந்தேன். பெற்றவளுக்குத் தங்க இடம் கொடுக்கிற நிறுவனமே அவள் குழந்தையை யாருக்குக் கொடுப்பது என்றும் முடிவு செய்யக் கூடாது என்று. அதற்குக் கோபமாகவும் ஆதரவாகவும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எனவே இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

மதத் தொண்டர்கள் மட்டும் இல்லையென்றால் வாசலில் போட்டுவிட்டுப் போன எத்தனையோ குழந்தைகள் அன்றைக்கே செத்திருக்கும். அரசாங்கம் திரும்பிக்கூடப் பார்க்காத காலத்தில் தூக்கி வளர்த்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது அம்மா. கைவிடப்பட்ட குழந்தைகளைக் கையில் எடுத்துப் பால் புகட்டியவர்களில் ஏராளமானோர் கடவுளை நம்பி அந்த வேலைக்கு வந்தவர்கள்தான், அதை நான் ஒருநாளும் மறுக்க மாட்டேன். என் மறுப்பு அந்தத் தொண்டின் மேல் இல்லை. கல்யாணமாகாமல் வயிற்றில் பிள்ளையோடு நிற்கிற ஒரு பெண்ணுக்குச் சோறும் படுக்கையும் யார் கொடுக்கிறார்களோ அவர்களே "நீ செய்தது பாவம்" என்றும் சொல்கிறார்கள், அவர்களே பிரசவம் பார்க்கிறார்கள், அவர்களே காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள், பிள்ளை எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர்களே தீர்மானிக்கிறார்கள், கடைசியில் பதிவேட்டையும் அவர்களே பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். "கொஞ்சம் பொறுங்கள், இந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்போம்" என்று சொல்ல வெளியாள் ஒருவர்கூட நடுவில் கிடையாது. இப்படி ஓர் ஏற்பாட்டில் நல்ல மனசுக்காரர்கள் இருந்தாலும் அநியாயம் நடந்தே தீரும்.

அயர்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். திருமணமாகாத தாய்மாருக்கான இல்லங்களை விசாரித்த அரசு ஆணையம் 2021 ஜனவரியில் இறுதி அறிக்கை கொடுத்தது. 1922 முதல் 1998 வரை 18 இல்லங்கள். பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் கத்தோலிக்கக் கன்னியர் சபையினர், புராட்டஸ்டன்ட் இல்லமும் அதில் உண்டு. ஏறத்தாழ 56,000 தாய்மார்கள், 57,000 குழந்தைகள். அந்தக் குழந்தைகளில் சுமார் 9,000 பேர் இறந்துபோனார்கள். டூவம் என்ற ஊரில் இருந்த இல்லத்தில் மட்டும் 796 பேர். கேத்தரின் கார்லெஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர் ஒவ்வொரு இறப்புச் சான்றாகத் தேடி எடுத்துத்தான் அந்த எண்ணிக்கை வெளியே வந்தது. பழைய கழிவுநீர்த் தொட்டி இருந்த இடத்தில் குழந்தைகளின் எலும்புகள் கிடக்கின்றன என்று 2017-ல் உறுதியாகி, 2025-ல்தான் முழுதாகத் தோண்டும் வேலை ஆரம்பித்தது. இதில் கன்னியர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. பணம் கொடுத்தது அரசு. மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனது பெற்ற தகப்பனும் தாயும். பிள்ளைக்குக் காரணமான ஆணை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

அயர்லாந்திலிருந்து 2,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்காவுக்குத் தத்துப்பிள்ளைகளாகப் போனார்கள். எடுக்கிறவர்கள் ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர்களா, பிள்ளையைக் கத்தோலிக்கப் பள்ளியில் படிக்க வைப்பார்களா, இவைதான் டப்ளின் பேராயர் வைத்த முக்கியமான நிபந்தனைகள். பெற்றவள் மனசாரக் கொடுத்தாளா என்ற கேள்விக்கு அந்தக் கண்டிப்பில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

ஃபிலோமினா லீ என்ற பெண் 1952-ல் ஷான் ராஸ் மடத்தில் ஒரு மகனைப் பெற்றார். மடத்துச் சலவைக் கூடத்தில் வேலை செய்துகொண்டே மூன்று வருடத்துக்கு மேல் அவனோடு அங்கேயே இருந்தார். பிள்ளை மேல் இனி எந்த உரிமையும் கோர மாட்டேன், அவனைப் பார்க்க முயற்சிகூடச் செய்ய மாட்டேன் என்று ஒரு சத்தியப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 1955 டிசம்பரில் பையன் அமெரிக்கா போய்விட்டான். வளர்ந்து, பெரிய வழக்கறிஞராகி, அம்மாவைத் தேடி அதே மடத்துக்கு வந்து கேட்டபோது தகவல் எதுவும் இல்லை என்றார்கள். அம்மாவும் போய்க் கேட்டார், அவருக்கும் அதே பதில்தான். 1995-ல் மகன் இறந்தார். தன்னை அந்த மடத்து மண்ணிலேயே புதைக்கும்படி கேட்டுக்கொண்டார், அப்படியே செய்தார்கள். தாய்க்கு இதெல்லாம் தெரிந்தது பல வருடம் கழித்து. இரண்டு பேரும் ஒரே கதவைத் தட்டியிருக்கிறார்கள், சேர்த்து வைக்கிற தகவலும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. சொல்லாமல் விட்டவர்களும் ஒரு காலத்தில் சோறு போட்டவர்களே. அந்தச் சோற்றுக்காக இதை மன்னித்துவிடு என்று யாரும் அந்தத் தாயிடம் போய்ச் சொல்ல முடியாது அம்மா.

கையெழுத்துப் போட்டது அந்தப் பெண்தானே? யாரும் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லையே?
– ஒரு வாசகர்

கையைப் பிடிக்கத் தேவையே இல்லை. பிரசவமாகி நாலாவது நாள், தாய்ப்பால் கட்டி மார்பு வலிக்கிறது, வீட்டுக்குப் போக முடியாது, கையில் காசு கிடையாது, "உன்னிடம் இருந்தால் இந்தக் குழந்தை அப்பன் பெயர் தெரியாமல் அலையும், நல்ல குடும்பம் ஒன்று காத்திருக்கிறது, சுயநலமாக இருக்காதே" என்று அன்பான குரலில் ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார். அந்த நேரத்தில் எழுதின கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? அதிலும் கடவுளின் பேரால் பேசுகிறவர் சொல்லும்போது, மறுத்தால் இவருக்கு மட்டுமல்ல, கடவுளுக்கே மறுப்பு சொல்வதாகத்தான் அந்தப் பெண்ணுக்குத் தோன்றும்.

இதை உலகம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. 1993-ம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, நாடு விட்டு நாடு தத்துக்கொடுப்பதற்கான விதிகளை வகுத்தபோது, தாயின் சம்மதம் குழந்தை பிறந்த பிறகே வாங்கப்பட வேண்டும், பணமோ வேறு எதுவுமோ கொடுத்து வாங்கக் கூடாது, அதன் விளைவு என்ன என்று அவளுக்கு விளக்கியிருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. இங்கிலாந்தில் குழந்தை பிறந்து ஆறு வாரத்துக்குள் தாய் கொடுக்கிற சம்மதம் செல்லாது. இந்தியாவில் 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி குழந்தையை ஒப்படைத்த பெற்றோருக்கு மறுபடி யோசிக்க இரண்டு மாத அவகாசம் உண்டு. இந்த அவகாசம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது, மனசு மாறி ஓடிவந்து "பிள்ளை போயாச்சு" என்ற பதிலைக் கேட்ட தாய்க்குத்தான் தெரியும்.

ஆஸ்திரேலியாவில் கட்டாயத் தத்துக்கொடுப்புக்காகப் பிரதமர் ஜூலியா கில்லார்ட் 2013 மார்ச்சில் நாட்டின் சார்பாக மன்னிப்புக் கேட்டார். இங்கிலாந்து, வேல்ஸ் கத்தோலிக்கத் திருச்சபை 2016-ல் தன் அமைப்புகளின் பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. எல்லாரும் மனசாரத்தான் கொடுத்தார்கள் என்றால் இந்த மன்னிப்புகளுக்கு அவசியமே வந்திருக்காது.

நாங்கள் பக்தியுள்ள குடும்பம். எங்கள் மதத்தில் பிறந்த குழந்தைதான் வேண்டும் என்று கேட்பது தவறா?
– தத்தெடுக்கக் காத்திருக்கும் தம்பதி

பச்சைக் குழந்தைக்கு மதம் கிடையாது. அதற்கு வேண்டியது பாலும் தூக்கமும், அழுதால் தூக்கிக்கொள்ள மறுநாளும் அதே கையும். நீங்கள் உங்கள் நம்பிக்கையோடு அந்தக் குழந்தையை வளர்க்கப் போகிறீர்கள், அதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் "இந்த மதத்தில் பிறந்தது" என்ற முத்திரையோடு குழந்தை வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தால், ரத்தத்தில் மதம் இருக்கிறது என்று நினைக்கிறீர்களோ என்ற சந்தேகம் எனக்கு வருகிறது. அந்த நினைப்போடு தத்தெடுப்புக்குள் வந்தால் நாளைக்கு அந்தப் பிள்ளை அடம்பிடிக்கும்போது வாயில் என்ன வார்த்தை வரும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள்.

அயர்லாந்தின் 1952-ம் ஆண்டுச் சட்டம் இதையே கட்டாயமாக்கி வைத்திருந்தது. எடுப்பவர்களும் பிள்ளையும் ஒரே மதமாக இருக்க வேண்டும். இதனால் கலப்பு மணம் செய்தவர்கள் தத்தெடுக்கவே முடியாமல் போனது. 1974-ல் நீதிமன்றம் அந்த விதி அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தள்ளியது.

வளர்ந்த குழந்தை என்றால் கதையே வேறு. ஏழு வயதுப் பெண் ராத்திரி படுக்கும் முன் ஒரு பிரார்த்தனை சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவாள் என்றால், அந்தப் பிரார்த்தனை அவளுடைய பழைய வாழ்க்கையில் மிஞ்சியிருக்கிற கொஞ்சத்தில் ஒன்று. அதை அவளிடமிருந்து பிடுங்காதீர்கள், உங்கள் மதத்தில் அது இல்லை என்றாலும். குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 1989-லேயே இதைச் சொல்கிறது: மாற்றுக் குடும்பம் தேடும்போது குழந்தையின் மதம், மொழி, பண்பாடு அறுந்து போகாமல் இருக்கக் கவனம் காட்ட வேண்டும். அதே பிரிவு இஸ்லாமிய முறையான கஃபாலாவையும் ஏற்றுக்கொள்கிறது. அதில் பிள்ளையை வளர்ப்பவர் முழுப் பொறுப்பும் எடுத்துக்கொள்கிறார், பிள்ளையின் பிறப்புவழிப் பெயரும் வம்சமும் மாறுவதில்லை. ரகசியம் காக்கிற தத்து முறைகள் அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

உயிரைக் காப்பாற்றியவர் தன் மதத்தில் சேர்த்து வளர்த்தால் என்ன தப்பு? உயிரைவிட மதம் பெரிதா?
– கல்லூரி மாணவர்

ஃபினலி சகோதரர்கள் என்று இரண்டு சிறுவர்கள். பிரான்சில் அடைக்கலமாக வாழ்ந்த யூதக் குடும்பம். 1944-ல் பெற்றோரை நாஜிகள் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவே இல்லை. கிரெனோபிள் நகரில் குழந்தைகள் காப்பகம் நடத்திய ஒரு கத்தோலிக்கப் பெண் பிள்ளைகளை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். அது சாதாரணத் தைரியம் இல்லை. யுத்தம் முடிந்ததும் அத்தைமார் பிள்ளைகளைக் கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை, 1948-ல் இருவருக்கும் ஞானஸ்நானம் செய்து வைத்தார். ஞானஸ்நானம் ஆன பிள்ளை திருச்சபையின் பிள்ளை, யூதக் குடும்பத்திடம் எப்படிக் கொடுப்பது என்று வாதம் கிளம்பியது. நீதிமன்றம் உறவினர் பக்கம் தீர்ப்பு சொன்ன பிறகும் பாதிரியார்களும் கன்னியர்களுமாகச் சேர்ந்து பையன்களை மறைத்து எல்லை தாண்டி ஸ்பெயினுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாடே இரண்டுபட்டு, 1953-ல்தான் பிள்ளைகள் சொந்தக்காரர்களிடம் வந்து சேர்ந்தார்கள்.

உயிர் பெரிதுதான். ஆனால் காப்பாற்றியதற்கு விலையாக அந்தப் பிள்ளையையே எடுத்துக்கொள்ளலாம் என்றால், செத்துப்போன பெற்றோருக்கு இருந்த கடைசி உரிமையும் போய்விடுகிறது. தங்கள் பிள்ளைகள் யாராக வளர வேண்டும் என்று அவர்களுக்கும் ஓர் ஆசை இருந்திருக்கும் அல்லவா?

வெளிநாட்டில் பேரிடர் நடந்ததும் எங்கள் சபையிலிருந்து குழுவாகப் போய் அநாதைக் குழந்தைகளை மீட்டு வரலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். நல்ல காரியம்தானே?
– ஒரு வாசகி

தயவு செய்து போக விடாதீர்கள். 2010 ஜனவரியில் ஹைட்டி பூகம்பத்துக்குப் பிறகு அமெரிக்கப் பாப்டிஸ்ட் குழு ஒன்று, பத்துப் பேர், 33 குழந்தைகளைப் பஸ்ஸில் ஏற்றிப் பக்கத்து நாட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்து எல்லையில் பிடிபட்டது. முறையான காகிதம் எதுவும் இல்லை. விசாரித்தால் பல குழந்தைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். படிக்க வைப்பார்கள், பார்க்கப் போகலாம் என்று நம்பிக் கொடுத்தவர்கள் அவர்கள். குழுவின் தலைவிக்குத் தண்டனை கிடைத்தது, மற்றவர்கள் மேல் இருந்த குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. அவர்கள் பிள்ளை கடத்த வந்தவர்கள் இல்லை, கடவுள் சொன்னார் என்று நம்பி வந்தவர்கள். அதனால்தான் அதிகம் பயமாக இருக்கிறது, தான் செய்வது சரியா என்ற சந்தேகமே அவர்களுக்கு வரவில்லை.

பேரிடர் முடிந்து முதல் சில மாதம் செய்ய வேண்டிய வேலை, பிள்ளையின் சொந்தக்காரர்களைத் தேடுவது. யூனிசெஃப் 2015-ல் சொன்ன கணக்கில் பெற்றோரில் ஒருவரையாவது இழந்த குழந்தைகள் உலகில் சுமார் 14 கோடி. அதில் இருவரையும் இழந்தவர்கள் 1.5 கோடிதான். மீதிப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு வேலையும் கூரையும் கிடைத்தால் பிள்ளை அவளிடமே இருக்கும். உங்கள் சபையில் திரட்டுகிற பணத்துக்கு அதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

தென்கொரியாவில் இது எப்படி வளர்ந்தது என்பதையும் சபையில் சொல்லுங்கள். 1955-ல் ஹோல்ட் என்ற அமெரிக்க சுவிசேஷத் தம்பதி, போரில் அநாதையான எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். அதற்காக அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. இரக்கத்தில் தொடங்கிய அந்த வழி பிறகு பெரிய தொழிலாகி, பல பத்தாண்டுகளில் ஏறத்தாழ இரண்டு லட்சம் குழந்தைகள் கொரியாவை விட்டு வெளியே போனார்கள். பெற்றோர் உள்ள பிள்ளையை அநாதை என்று பதிந்தது, ஒரு பிள்ளையின் அடையாளத்தை இன்னொன்றுக்குக் கொடுத்தது எல்லாம் நடந்தது என்று அந்நாட்டு உண்மை ஆணையம் 2025-ல் சொல்லி, அரசைப் பொறுப்பாக்கியது.

தன் மத நம்பிக்கைக்கு எதிரானவர்களுக்குக் குழந்தை கொடுக்கச் சொல்லி ஒரு மத நிறுவனத்தை வற்புறுத்தலாமா?
– வழக்கறிஞர் ஒருவர்

வற்புறுத்த வேண்டாம். ஒதுங்கிக்கொள்ள அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படி ஒதுங்கியவர்கள் இருக்கிறார்கள். பாஸ்டன் கத்தோலிக்கத் தொண்டு நிறுவனம் ஒருபாலினத் தம்பதிகளுக்குக் கொடுக்க மறுத்து 2006-ல் தத்து வேலையையே நிறுத்தியது. தனியாள் பெற்றோருக்கும் கொடுக்கச் சொன்ன புது விதி பிடிக்காமல் இந்தியாவில் அன்னை தெரசா தொடங்கிய மிஷனரீஸ் ஆஃப் சேரிட்டி 2015-ல் விலகிக்கொண்டது. இதில் நாணயம் இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021-ல் ஃபிலடெல்ஃபியா வழக்கில், ஒருபாலினத் தம்பதிகளை வளர்ப்புப் பெற்றோராக ஏற்க மறுத்த கத்தோலிக்க அமைப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொதுப் பணத்தில், அரசின் அதிகாரத்தை வாங்கிக்கொண்டு குழந்தைக்கு வீடு தேடுகிறவர், அந்தக் குழந்தைக்கு எந்த வீடு நல்லது என்று மட்டும்தான் பார்க்க வேண்டும். மனசாட்சி தடுத்தால் அந்த நாற்காலியை விட்டு எழுந்துவிடலாம்.

மத இல்லம் ஒன்றுக்கு வருடாவருடம் நன்கொடை கொடுக்கிறேன். நிறுத்திவிடட்டுமா?
– ஒரு வாசகர்

உடனே நிறுத்த வேண்டாம், போய்க் கேளுங்கள். போன வருடம் எத்தனை பிள்ளைகள் சொந்தத் தாயிடமே திரும்பிப் போனார்கள்? தாயிடம் பேசும் ஆலோசகர் இல்லத்தின் சம்பளத்தில் இருப்பவரா, வெளியாளா? குழந்தை யாருக்குப் போகிறது என்பதை அரசு அமைப்பு முடிவு செய்கிறதா, இல்லத் தலைவரா? இதற்கெல்லாம் பதில் சொல்லச் சங்கடப்பட்டால் உங்கள் பணத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

நான் கன்னியர் இல்லத்திலிருந்து தத்தெடுக்கப்பட்டவன், இப்போது 41 வயது. பெற்றவளைப் பற்றிக் கேட்டால், "நல்ல வாழ்க்கை கிடைத்ததே, நன்றியோடு இருங்கள், பழசைக் கிளறாதீர்கள், கோப்பும் இல்லை" என்கிறார்கள். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

நன்றி வேறு, பிறப்பைத் தெரிந்துகொள்வது வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தடுப்பது அவர்கள் செய்கிற தவறு, உங்களுக்கு அதில் குற்ற உணர்ச்சி வேண்டவே வேண்டாம். உங்கள் பிறப்புத் தகவல் உங்களுடையது. அயர்லாந்து 2022-ல் சட்டமே போட்டு, தத்துப்பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றும் பிறப்புத் தகவலும் முழுதாகக் கொடுக்க வழி செய்துவிட்டது.

முதலில் வாயால் கேட்பதை நிறுத்துங்கள். எழுத்தில், தேதி போட்டு, பதிவுத் தபாலில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். "கோப்பு இல்லை" என்று வாயால் சொல்வது சுலபம், கையெழுத்துப் போட்டுச் சொல்ல யோசிப்பார்கள். கோப்பு என்று பொதுவாகக் கேட்காமல் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: சேர்க்கைப் பதிவேடு, பிரசவப் பதிவேடு, தாய் எழுதிக்கொடுத்த ஒப்படைப்புப் பத்திரம், மருத்துவக் குறிப்பு, ஞானஸ்நானப் பதிவேடு. இந்தக் கடைசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இல்லத்தில் இருக்காது, ஆலயத்தில் இருக்கும், சில சமயம் தாயின் பெயரும் அதில் இருக்கும். அப்புறம் தத்துக்கொடுப்பு நீதிமன்றம் வழியாக நடந்திருந்தால் அங்கே ஒரு பிரதி இருக்க வேண்டும். தத்தெடுப்புகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்புக்கும் தனியாக மனு போடுங்கள்.

ஒரு விஷயத்துக்கு மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். காகிதத்தில் இருப்பது பொய்யாகவும் இருக்கலாம். டப்ளினில் கன்னியர்கள் நடத்திய ஒரு தத்து நிறுவனத்தின் கோப்புகளைப் பார்த்தபோது, வளர்த்தவர்களே பெற்றவர்கள் என்று பிறப்பைப் பதிந்த 126 பேரின் விவரம் 2018-ல் தெரியவந்தது. அப்படியானால் மரபணுச் சோதனைதான் மிஞ்சும் வழி.

அம்மா கிடைத்துவிட்டால் நேராக வாசலில் போய் நிற்காதீர்கள். அவர் புருஷனிடமோ பிள்ளைகளிடமோ உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே இத்தனை வருடம் இருந்திருக்கலாம். அனுபவமுள்ள ஒரு சமூகப் பணியாளர் மூலம் முதல் கடிதம் போகட்டும். அதில் உங்கள் பெயர், நலமாக இருக்கிறீர்கள் என்ற செய்தி, தொடர்புகொள்ள ஒரு வழி, இவ்வளவு போதும். அவர் பதில் எழுதும்வரை இரண்டாவது கடிதத்தை அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம்.